நாற்பத்தொன்றாம் தாள்

செத்துப்போனதாகப் போலீஸே சொல்லிவிட்ட பெண்ணைத் தேடித் தரச் சொல்லி ஒருவர் வந்து உட்கார்ந்திருந்தார்.

செவ்வாய்க்கிழமை மதியம் ஒன்றரை மணி. ஃப்ரீமான்ட், மௌரி அவென்யூவில் ஒரு இந்திய மளிகைக் கடைக்கு மேல் மாடியில் கலாவதியின் ஆபீஸ். ஐம்பத்திரண்டு வயது கலாவதி, கோயம்புத்தூரில் ஒரு இன்சூரன்ஸ் கம்பெனிக்காகப் பொய் விபத்துகளைக் கண்டுபிடித்துக்கொண்டிருந்தவள். கலிஃபோர்னியா வந்து துப்பறிவாளர் லைசென்ஸ் எடுத்துப் பதினோரு வருடம் ஆகிறது. அவளுடைய உதவியாளன் சபரிக்கு முப்பத்து மூன்று. சாஃப்ட்வேர் வேலை லேஆஃபில் போனது. வாய் மட்டும் லேஆஃப் ஆகவில்லை.

எதிரில் இருந்தவர் டாக்டர் சேனாபதி. அறுபதை நெருங்கும் வயது, இஸ்திரி கலையாத சட்டை. தாவர ஆராய்ச்சி நிலையம் ஒன்றில் லேப் நடத்துகிறவர்.

"மானஸான்னு பேரு. இருபத்தொன்பது வயசு. மூணு வருஷமா என் லேப்ல இருக்கா, எனக்குப் பொண்ணு மாதிரி. சாக்ரமென்டோ ஆத்து டெல்டா முழுக்கப் படர்ந்திருக்கிற ஆகாயத்தாமரையைப் பத்தித்தான் அவ ஆராய்ச்சி. இடத்துக்கு இடம் செடியோட உருவம் எப்படி மாறுது, டிஎன்ஏ மாறுதா இல்லையான்னு பார்க்கிற வேலை. ஞாயித்துக்கிழமை காலையில கயாக் படகு எடுத்துட்டு சாம்பிள் எடுக்கப் போனா. மதியம் கயாக் மட்டும் கவுந்து கிடந்தது. கார் படகு இறக்கற ராம்ப்ல நிக்குது."

"ஷெரிஃப் ஆட்கள் என்ன சொல்றாங்க?"

"செடிக்கு அடியில பாடி சிக்கியிருக்கும்னு தேடறாங்க. எனக்கு என்னமோ அவ உயிரோட இருக்கான்னு தோணுது. பயந்து எங்கேயோ ஒளிஞ்சிருக்கா. கோபியில அவ அம்மா தனியா இருக்காங்க. தினம் ரெண்டு வேளை நான்தான் கால் பண்ணி ஆறுதல் சொல்றேன்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

பிறகு மேஜைமேல் இரண்டு பொருள்களை வைத்தார். ஒன்று, அவரே எழுதிய சின்னக் கையேடு. மற்றது, மானஸாவின் காரில் கிடைத்த கனத்த தாள். அதில் ஒரு செடி காயவைத்து ஒட்டப்பட்டிருந்தது. மூலையில் பென்சிலில் 41 என்ற எண். இடம், தேதி எதுவும் இல்லை.

சபரி எட்டிப் பார்த்தான். "எங்க ஊர் ஏரியில வெங்காயத்தாமரைன்னு சொல்லுவோம் சார். இதோ வேர்ல வெங்காயம் மாதிரி..."

"வேர் இல்லப்பா, இலைக்காம்பு. காம்புல காத்து நிறைஞ்ச குமிழ்." சேனாபதி உடனே திருத்தினார். "வெங்காயத்தாமரைன்னு பேச்சு வழக்குல சொல்றாங்க. ஆகாயத்தாமரைங்கிறதுதான் சரி."

"சாரி சார். பரீட்சைக்குப் படிச்சிட்டு வரேன்."

அவர் சிரிக்கவில்லை. எழுந்தபோது ஒரு நிபந்தனை போட்டார். கலாவதி தன் போனிலிருந்து லைவ் லொகேஷனை அவருக்கு ஷேர் பண்ண வேண்டும். "டெல்டா பக்கம் போனா சிக்னல் போயிடும். உங்க ரெண்டு பேர் சேஃப்டிக்குத்தான்."

கலாவதி பட்டனைத் தட்டிவிட்டாள்.

அவர் படியிறங்கியதும் பூதக்கண்ணாடியை எடுத்துத் தாளின்மேல் குனிந்தாள். "சபரி, அந்தக் கையேட்டுல குமிழைப் பத்தி என்ன போட்டிருக்கு, படி."

சபரி புரட்டினான். "தென் அமெரிக்காவுல இருந்து நூறு வருஷத்துக்கு மேல முன்னாடி வந்த செடியாம். விசா இல்லாம நூறு வருஷம்! வேலை போனா நமக்கு அறுபது நாள்தான் கொடுக்கறாங்க மேடம்."

"குமிழ், சபரி."

"நெருக்கமா வளர்ந்தா காம்பு ஒல்லியா நீளமா போகும். தாராளமா இடம் இருந்தா குமிழ் விட்டு மிதக்கும். ஆங், புரிஞ்சுடுச்சு! கயாக் கிடைச்ச இடத்துல செடி கால் வைக்க இடமில்லாம அடைச்சுக் கிடக்குன்னு நியூஸ்ல காட்டினாங்க. இந்தச் செடியில குமிழ் இருக்கு. அப்போ இது வேற இடம்!"

"பக்கத்துத் திறந்த தண்ணியில இதே செடி குமிழோட இருக்கும். இடத்துக்குத் தகுந்த மாதிரி உடம்பை மாத்திக்கிற செடிக்கு உடம்பை வெச்சு விலாசம் சொல்ல முடியாது. அது மாத்திக்கவே முடியாதது என்னன்னு பாரு."

இன்னும் நான்கு பக்கம் தள்ளி விடை இருந்தது. பூவின் நடுவே நிற்கும் சூல்தண்டு. ஆகாயத்தாமரையில் அது மூன்று விதம்: நெட்டை, நடுத்தரம், குட்டை. அது பிறவியிலேயே வருவது. வெயிலோ தண்ணீரோ இடமோ அதை மாற்றாது. கையேட்டில் தடித்த எழுத்தில் ஒரு வரி: 'டெல்டாவில் இருப்பவை அனைத்தும் நடுத்தர வகை.'

கலாவதி பூதக்கண்ணாடியை அவன் கையில் கொடுத்தாள். காய்ந்து சருகாகிப்போன ஊதா இதழ்களுக்கு நடுவே மெல்லிய தண்டு, மகரந்தத்தாள்களை எல்லாம் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

"நெட்டை!" என்றான் சபரி. "அப்போ இது டெல்டா பூவே இல்ல."

"யாரோ வீட்டுத் தொட்டியில வளர்க்கிற பூ. விக்கக்கூடாத செடி, கடையில கிடைக்காது. கையோட கை மாறித்தான் வந்திருக்கணும்."

"கையோட கைன்னா நம்ம ஆளுங்கதான்." சபரி போனை எடுத்தான். பே ஏரியா தமிழ்த் தோட்டம் என்ற வாட்ஸ்அப் குரூப்பில் தொள்ளாயிரம் பேர். கறிவேப்பிலைக் கன்றுக்காகச் சேர்ந்தவன், வெளியே வர வழி தெரியாமல் இருக்கிறான். பூவை போட்டோ எடுத்துப் போட்டான். 'அழகா இருக்கே, யார் வீட்டுல இருக்கு? ஒரு கன்னு வேணும்.'

பதில்கள் கொட்டின. ஒருவர் இது டேஞ்சரஸ் களை என்று மூன்று பத்தி எழுதினார். ஒருவர் குட்மார்னிங் படம் போட்டார். ஒரு பதில் மட்டும் வந்த வேகத்தில் அழிந்தது. அழித்தவர் பெயர் மரகதம், சான் ரமோன்.

சபரி பழைய மெசேஜ்களை விரலால் தள்ளிக்கொண்டே போனான். ஜூன் மாதம் மரகதம் ஒரு படம் போட்டிருந்தார். சிமென்ட் தொட்டி நிறைய ஊதாப் பூ. கீழே முதல் கேள்வி: 'ஆன்ட்டி, நான் ஒரு நாள் வந்து பார்க்கலாமா?' கேட்டவள் மானஸா. பதிலில் மரகதம் வீட்டு விலாசத்தையே கொடுத்திருந்தார்.

680 ஃப்ரீவேயில் சபரி கார் ஓட்டினான். கலாவதி மடியில் அந்தத் தாள் இருந்தது. ப்ளெசன்டன் தாண்டும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். வழக்கமாக ஒரு நூல் இப்படிச் சுலபமாகப் பிரிந்து வந்தால் அவளுக்கு உற்சாகம் வரும். இன்று வரவில்லை.

"சபரி, அந்தக் கையேட்டை எழுதினது யாரு?"

"சேனாபதி சார்."

"நாம ஒரு மணி நேரத்துல பார்த்ததை அவர் ஒரு செகண்ட்ல பார்த்திருப்பாரே. ரெண்டு நாளா தாள் அவர் கையில. ஷெரிஃப் கிட்டயும் சொல்லல, நம்மகிட்டயும் சொல்லல. ஏன்?"

 சபரி ஒரு ஜோக்கை ஆரம்பித்து, பாதியில் விட்டுவிட்டான்.

மரகதத்தின் வீடு ஒரு முட்டுச்சந்தின் கடைசியில் இருந்தது. தெருவில் ஒரு ஆள் இல்லை. எல்லா வீட்டுக்காரர்களும் ஆபீஸில். காலிங்பெல்லில் இருந்த கேமராவின் நீல வளையம் சுற்றியது. கதவு ஒரு சாண் திறந்தது. அறுபது வயதுப் பெண்மணி, நெற்றியில் குங்குமம், கண்களில் தூக்கமின்மை.

"ஆன்ட்டி, பூ பார்க்க வந்தோம்," என்றாள் கலாவதி.

"பூவெல்லாம் பிடுங்கிப் போட்டாச்சும்மா."

ஆனால் ஒரு தமிழ்ப் பெண்ணின் முகத்தில் கதவை அறைந்து சாத்த அவருக்குக் கை வரவில்லை. அந்தத் தயக்கத்தில் ஹாலுக்கு அப்பால் கண்ணாடிக் கதவும், பின்கட்டும் தெரிந்தன. தொட்டியில் ஊதாப் பூக்கள் நிமிர்ந்து நின்றன. அதன் விளிம்பில் ஒரு ஜோடி கேன்வாஸ் ஷூ வெயிலில் காய்ந்தது. மரகதத்தின் காலுக்கு அது சேராது. கணுக்கால் உயரத்துக்குக் கருஞ்சேறு அப்பியிருந்தது.

"மானஸா," என்று கலாவதி சற்று உரக்கக் கூப்பிட்டாள். "பயப்படாதம்மா. உன்னைக் கூட்டிட்டுப் போகத்தான் வந்திருக்கோம்."

மாடிப்படியில் ஒருத்தி வந்து நின்றாள். ஒல்லியான பெண். வலது கையைத் துப்பட்டாவால் கட்டிக் கழுத்தில் மாட்டியிருந்தாள். அவள் பார்வை கலாவதியின் முகத்துக்கு வரவில்லை, கையிலிருந்த தாளிலேயே நின்றது.

"அது... உங்ககிட்ட யார் கொடுத்தா?"

"உங்க சேனாபதி சார்தான்," என்றான் சபரி. "பாவம், கண்ணெல்லாம் கலங்கி..."

அவள் கைப்பிடியைப் பிடித்தபடியே படியில் சரிந்து உட்கார்ந்தாள்.  மரகதம் ஓடிப்போய் அவளைச் சேர்த்து அணைத்துக்கொண்டார். "அவன்தாம்மா இவளைத் தண்ணியில தள்ளினான்!"



மானஸா திக்கித் திக்கிச் சொன்னாள். "சார் பேர் வாங்கினதே ஒரு பேப்பராலதான். டெல்டாவுல அறுபது இடத்துல செடி எடுத்தாராம், அறுபதும் ஒரே டிஎன்ஏ, மொத்த டெல்டாவும் ஒரே செடியோட பிள்ளைங்கன்னு எழுதினார். ஒரே செடின்னா ஒரே களைக்கொல்லி போதும். அதை நம்பி அடுத்த மாசம் டெல்டா முழுக்க அடிக்கப் போறாங்க. ஊரெல்லாம் குடிக்கிற தண்ணி மேடம் அது."

"சரி."

"நான் நிஜமாவே நாற்பது இடத்துக்குப் போனேன். காம்பு முன்னே பின்னே இருந்தாலும் பூ எல்லாம் ஒண்ணுதான். உள்ளே டிஎன்ஏ அஞ்சு வகை. மருந்துக்கு ஒரு வகை சாகும், மத்தது பிழைச்சு இன்னும் வேகமாப் படரும், இவங்களும் இன்னும் மருந்து ஊத்துவாங்க. சாரோட பழைய சாம்பிளை ஃப்ரீஸர்ல இருந்து எடுத்து மறுபடி ரன் பண்ணேன். அறுபதும் எங்க லேபுக்குப் பின்னால இருக்கிற குட்டையில பிடுங்கினது. அந்தக் குட்டைச் செடிக்கு டிஎன்ஏல ஒரு தனி அடையாளம் இருக்கு, டெல்டாவுல எங்கேயுமே அது இல்ல. சார் டெல்டாவுக்குப் போகவே இல்ல மேடம்."

"அதை அவர்கிட்டயே போய்ச் சொன்னியா?"

"முதல்ல அவர்கிட்ட சொல்றதுதானே மரியாதைன்னு..." அவள் குரல் உடைந்தது. "ஞாயித்துக்கிழமை நானும் வரேம்மா, நீ சொல்ற இடத்தைக் காட்டுன்னார். இன்னொரு கயாக்ல பின்னாடியே வந்தார். இடுப்புப் பையில இருந்த வாட்டர்ப்ரூஃப் நோட்டைக் கேட்டார், என் ரிசல்ட் எல்லாம் அதுலதான், தரலை. துடுப்பை ஓங்கினதைப் பார்த்து விலகினேன். தோள்ல விழுந்துச்சு. அடுத்த நிமிஷம் செடிக்கு அடியில இருந்தேன். மேல ஒரே இருட்டு. கையை உயர்த்தினா வேரு. எந்தப் பக்கம் போனாலும் முடி மாதிரி வேரு முகத்துல ஒட்டுது. ஒரு இடத்துல கை உள்ளே போற அளவுக்கு ஒரு சந்து. மூக்கை மட்டும் நீட்டினேன். அவர் என் பேரைச் சொல்லிச் சொல்லிக் கூப்பிட்டுட்டே சுத்தி வந்தார். அன்பா கூப்பிட்டார் மேடம். ஒரு மணி நேரம் இருக்கும்."

கரைமேட்டுச் சாலையில் ஒரு பண்ணைத் தொழிலாளி அவளை ட்ரக்கில் ஏற்றி ரயில் ஸ்டேஷன்வரை கொண்டுவந்து விட்டிருக்கிறார். முந்தின வாரம்தான் ஒப்பிட்டுப் பார்க்க நாற்பத்தொன்றாவதாக ஒரு செடி எடுத்துப்போன வீடு இது. நேராக இங்கே வந்துவிட்டாள்.

"போலீஸுக்குப் போயிருக்கலாமே?" என்றான் சபரி.

"டிவியில ஷெரிஃப் பக்கத்துலயே சார் நிக்கறார். என்னைத் தேடற ஆளுங்களுக்கு வழி காட்டறதே அவர்தான். என் விசா அவர் கையில. அம்மாகிட்ட தினம் பேசறது அவர். அம்மாவுக்கு ஒரு வார்த்தை தெரிஞ்சா அவருக்கும் தெரிஞ்சுடும். நேத்து ஆன்ட்டி என் நோட்டை சாக்ரமென்டோவுல வேற ஒரு லேபுக்கு கூரியர்ல அனுப்பினாங்க. அவங்க பதில் வர்ற வரைக்கும் செத்தவளாவே இருந்துடலாம்னு..."

கலாவதிக்கு இப்போது எல்லாம் விளங்கியது. பூவைப் பார்த்ததுமே சேனாபதிக்குத் தெரிந்துவிட்டது, இவள் ஒளிய ஒரு வீடு இருக்கிறது என்று. எந்த வீடு என்றுதான் தெரியவில்லை. அவரைக் கண்டால் திறக்காத கதவுகள் கலாவதிக்குத் திறக்கும். அதற்காகத்தான் ஃப்ரீமான்ட் மாடிப்படி ஏறியிருக்கிறார். அவள் புத்தியை வேட்டைநாயாக்கி அவிழ்த்துவிட்டு, பின்னாலேயே...

போனைப் பாய்ந்து எடுத்தாள். லைவ் லொகேஷன் ஓடிக்கொண்டிருந்தது. இருபத்திரண்டு நிமிடமாக அந்தப் புள்ளி இதே வீட்டில் நிற்கிறது. நிறுத்தினாள்.

காலிங்பெல் அடித்தது.

சமையலறைச் சுவரில் இருந்த திரையில் சேனாபதி தெரிந்தார். ஷூவைக் கழற்றி, ஒன்றையொன்று ஒட்டினாற்போல இடது கையால் வரிசையாக வைத்துக்கொண்டிருந்தார். செப்டம்பர் வெயிலில் ஜாக்கெட் போட்டிருந்தார். வலது கை அதன் பைக்குள் இருந்தது.



"சபரி, பின்பக்கம் போய் 911-ல போலீஸைக் கூப்பிடு. ஆன்ட்டி, இவளை மாடிக்குக் கூட்டிட்டுப் போங்க."

"மேடம், எனக்கு ஒரு ஜோக்கும் வரமாட்டேங்குது."

"வர வேண்டாம். போ."

கலாவதி வெளியே போய்க் கதவைத் தன் முதுகுக்குப் பின்னால் சாத்தினாள்.  

"கிடைச்சுட்டா, இல்லையா?" என்றார் சேனாபதி. புன்னகை மாறவில்லை.

"கிடைச்சுட்டா சார். ஆனா பிரயோஜனம் இல்லை. ஒண்ணும் ஞாபகம் இல்லைங்கறா. தன் பேரைக் கூட யோசிச்சுத்தான் சொல்றா."

அவர் தோள்கள் தளர்வதைக் கலாவதி பார்த்தாள். பைக்குள் இருந்த கை அசையவில்லை. "அடடா. பாவம். நான் பேசினா ஞாபகம் வரும். கொஞ்சம் நகருங்க."

"டாக்டர் பார்க்கணும் சார். கயாக் கவுந்தப்போ தலை பாறையில மோதியிருக்கு. இடது பக்கம், நல்ல அடி."

"பாறையா? டெல்டாவுல ஏதுங்க பாறை? எல்லாம் சேறு." தவறைத் திருத்தும் அந்தப் பழக்கக் குரல், கடகடவென்று வந்தது. "தலையிலயும் இல்ல, தோள்ல. வலது தோள்."

சொல்லி முடித்த பிறகுதான் அது அவர் காதில் விழுந்தது.

"நீங்க பக்கத்துல இருந்து பார்த்தீங்களா சார்?"

 அவர் கண்கள் மெல்ல நகர்ந்து, கதவோரம் சுற்றிக்கொண்டிருந்த நீல வளையத்தில் நின்றன. புன்னகை போய்விட்டது. வலது கை வெளியே வந்தது. அதில் செடி வெட்டும் வளைந்த கத்தி. ஒரு அடி முன்னால் வைத்தார். கலாவதியின் முதுகு கதவில் இடித்தது.  

பின்னால் கதவு திறந்தது.

மானஸா நின்றாள். முகத்தில் ரத்தமே இல்லை. இடது கையில் சபரியின் போன், ஸ்பீக்கரில் 911 ஆள் ஆங்கிலத்தில் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். அவளுக்குப் பின்னால் சபரி, கையில் மரகதத்தின் தோட்டத்து மண்வெட்டி.

"நோட்டு இங்கே இல்ல சார்," என்றாள். ஒவ்வொரு வார்த்தையும் தனித்தனியாக வந்தது. "நேத்தே சாக்ரமென்டோ போயிடுச்சு. உங்க அறுபது சாம்பிளோட ரிசல்ட்டும் அதுலதான் இருக்கு. என்னைக் கொன்னாலும் அதை நிறுத்த முடியாது."

சேனாபதி அவளையே பார்த்தார். "உன் விசா பேப்பர்ல யார் கையெழுத்துன்னு ஞாபகம் இருக்கா?" என்றார். மிரட்டலாக ஆரம்பித்த வாக்கியம், முடியும்போது கெஞ்சலாகிவிட்டது.

அந்த நிமிடத்தில் முட்டுச்சந்தில் இரண்டு போலீஸ் கார்கள் திரும்பின. அவர் கத்தியைப் புல்தரையில் போட்டார். விலங்கு மாட்டப்பட்டபோது தன் ஷூவை எடுத்துக்கொள்ளலாமா என்று அதிகாரியிடம் கேட்டார்.

ஒரு மணி நேரம் கழித்து, வாக்குமூலமெல்லாம் முடிந்து வீடு அமைதியானது. மானஸாவுக்கு மரகதம் இரண்டு போர்வை போர்த்தியிருந்தார். கலாவதி அவள் எதிரில் தரையில் உட்கார்ந்தாள்.

"நான்தான் அவனை இங்கே கூட்டிட்டு வந்தேன்," என்றாள். "அதை நீ மன்னிக்க வேண்டாம். ஆனா இப்போ இன்னொரு வேலை பாக்கி இருக்கு. அம்மா நம்பரைச் சொல்லு."

கோபிசெட்டிபாளையத்தில் இன்னும் விடியவில்லை. ஆனாலும் முதல் மணியிலேயே அவள் அம்மா எடுத்துவிட்டார்.

"சொல்லுங்க டாக்டர்," என்றது ஒரு வறண்ட குரல். "என்ற புள்ளை உடம்பு கெடச்சுதுங்களா?"

மானஸா போனை வாங்கினாள். "அம்மா. நான்தாம்மா."

 கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் பயந்த குரல் கேட்டது: "யாருடி நீ? என்ற புள்ளை செத்துப் போயிட்டா. அவ கொரல்ல எதுக்குப் பேசற?"

மானஸா போனை இறுகப் பிடித்துக்கொண்டு அழுதாள். கலாவதி அவள் கைக்குமேல் கை வைத்து, வீடியோ பட்டனை அழுத்தினாள். திரையில் மூன்று நாளாகத் தலை வாராத ஒரு முகம் இருட்டிலிருந்து எழும்பி வந்தது. அது திரைக்கு மிக அருகே, ஒரு கண் மட்டும் தெரியும் அளவுக்கு அருகே வந்து, மகளை உற்றுப் பார்த்துக்கொண்டே இருந்தது.